கிரியேட்டிவ் கோடிங் ஸ்கெட்ச்சை ரே டிரேசிங் ரெண்டரருக்கு எடுத்துச் செல்லுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படமும் அசைவும் வரைவதற்கான பிராசஸிங், பி5.ஜேஎஸ் போன்ற நிரல் சூழல்களில் எழுதும் சிறு நிரலை ஸ்கெட்ச் என்று அழைப்பது வழக்கம். அப்படி எழுதிய ஒரு முப்பரிமாண ஸ்கெட்ச்சை, ஒளிக்கதிர்களின் போக்கைக் கணக்கிட்டு வரையும் ரெண்டரரிடம் ஒப்படைக்க விரும்புவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தர முயன்றிருக்கிறேன். எடுத்துக்காட்டு தேவைப்படும் இடங்களில் எல்லாம் ஒரே ஸ்கெட்ச்சையே எடுத்துக்கொள்கிறேன். அது பிராசஸிங்கில் 800க்கு 600 பிக்சல் அளவில் திறக்கும் ஒரு சாளரம். அதற்குள், சீராக ஏறி இறங்கும் தற்செயல் எண்களைத் தரும் நாய்ஸ் சார்பினால் இடமும் ஆரமும் முடிவாகும் 4,000 கோளங்கள் மிதக்கின்றன.

திரையிலேயே நன்றாகத் தெரியும் ஸ்கெட்ச்சை ஏன் வேறொரு மென்பொருளுக்குக் கொண்டுபோக வேண்டும்?

பிராசஸிங்கின் பி3டி முறை, கிராஃபிக்ஸ் அட்டையிடம் வரையச் சொல்லும் ஓபன்ஜிஎல் வழியாக வரைகிறது. அந்த முறையில் ஒவ்வொரு முக்கோணமும் தனித்தனியாகத் திரைக்கு வருகிறது. ஒரு முக்கோணத்துக்கு மற்றொன்று இருப்பதே தெரியாது. ஆகவே ஒரு கோளத்தின் நிழல் அடுத்த கோளத்தின் மேல் விழுவதில்லை, சிவப்புக் கோளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளைக் கோளத்தில் சிவப்புச் சாயல் படிவதுமில்லை. இவையெல்லாம் வேண்டுமென்றால், ஒரு புள்ளியில் நின்று "இங்கிருந்து ஒளிமூலம் தெரிகிறதா, நடுவில் என்ன இருக்கிறது" என்று காட்சி முழுவதையும் கேட்கக்கூடிய முறை வேண்டும். ஆர்தர் அப்பெல் 1968இல் நிழலுக்காகக் கதிர் எய்து பார்த்ததும், டர்னர் விட்டெட் 1980இல் பிரதிபலிப்பையும் ஒளிவிலகலையும் அதே வழியில் கணக்கிட்டதும், ஜேம்ஸ் கஜியா 1986இல் ரெண்டரிங் சமன்பாட்டை எழுதி, ஒளி பரப்புக்குப் பரப்பு எகிறிச் செல்லும் பாதைகளைத் தற்செயலாகத் தேர்ந்து கணக்கிடும் பாத் டிரேசிங்குக்கு வழி வகுத்ததும் அந்தக் கேள்விக்கான விடைகள்தாம்.

எல்லா ஸ்கெட்ச்சுக்கும் இது நன்மை செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தட்டையான நிறப்பரப்புகளும் மெல்லிய கோடுகளுமாக இருக்கும் வேலையை ரே டிரேசிங்குக்குக் கொண்டுபோனால், பெரும்பாலும் அதன் கூர்மை போய்ப் பிளாஸ்டிக் பொம்மை போன்ற ஒரு படமே மிஞ்சும். கூட்டமாக நெருங்கி நிற்கும் வடிவங்கள், இடுக்குகள், பள்ளங்கள், ஒளி புகும் பொருள்கள் ஆகியவை உள்ள ஸ்கெட்ச்சுதான் இந்த உழைப்புக்கு ஈடு கொடுக்கும்.

ஏற்றுமதி என்றால் சரியாக எதை ஏற்றுமதி செய்கிறோம்?

பெரும்பாலான சிக்கல்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதால்தான் வருகின்றன. திரையில் தெரியும் படத்தை யாரும் ஏற்றுமதி செய்ய முடியாது. அந்தப் படம் வரைந்த வரிசை, ஒன்றன்மேல் ஒன்று பூசிய ஒளிபுகும் நிறங்கள், முந்தைய சட்டகத்தை (அசைவின் ஒரு தனிப் படத்தை) முழுதாக அழிக்காமல் விட்ட தந்திரம் ஆகியவற்றால் ஆனது. ரெண்டரருக்கோ இந்த இடத்தில், இந்த அளவில், இந்தப் பொருளால் ஆன ஒரு கோளம் இருக்கிறது என்ற செய்தி மட்டுமே போதும். அந்தச் செய்தி உங்கள் நிரலின் மாறிகளில் ஏற்கெனவே இருக்கிறது. எனவே வரையும் கட்டளைகளை இடைமறித்துப் பிடிப்பதைவிட, வரைவதற்கு முன்பு கையில் இருக்கும் தரவை எழுதிவைப்பதே நல்ல ஏற்றுமதி என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் விடைகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைப்பவையே.

எந்த ரெண்டரரைத் தேர்ந்தெடுப்பது?

இலவசமாகக் கிடைப்பவற்றில் மூன்று பாதைகள் உண்டு.

முதலாவது, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளும் அதனுள் இருக்கும் சைக்கிள்ஸ் ரெண்டரரும். சைக்கிள்ஸ் 2011இல் பிளெண்டர் 2.61 பதிப்புடன் வந்தது. கிராஃபிக்ஸ் அட்டையைப் பயன்படுத்திக்கொள்ளும். பைத்தான் வழியாக முழுவதையும் இயக்கலாம். பொருள்களின் தன்மையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மாற்ற விரும்புவோருக்கு இதுவே ஏற்றது.

இரண்டாவது, பாவ்-ரே. பழைய மென்பொருள்தான், 3.7 பதிப்பு 2013இல் வெளிவந்தது. ஆனால் ஸ்கெட்ச் எழுதுபவருக்கு இது அளவுக்கு மீறிப் பொருந்துகிறது, ஏனெனில் இதன் காட்சிக்கோப்பு வெறும் எழுத்துக்கோப்பு. கோளத்தைக் கோளமாகவே புரிந்துகொள்கிறது, முக்கோணங்களாக உடைத்துக் கொடுக்கச் சொல்வதில்லை. கணினியின் மையச் செயலியில் மட்டுமே ஓடுவது இதன் குறை.

மூன்றாவது, பிராசஸிங்குக்குள்ளேயே இயங்கும் ஜூன்ஸ் ரெண்டரர் என்னும் நூலகம். இது ஜாவாவில் எழுதப்பட்ட சன்ஃப்ளோ என்ற ரெண்டரரை உள்ளே வைத்திருக்கிறது. வரையும் கட்டளைகளுக்கு முன்னும் பின்னும் பதிவுக் கட்டளைகளை இட்டு, நிறக் கட்டளைக்குப் பதிலாகப் பொருளின் பெயரைத் தந்தால் போதும். முதன்முதலாகச் சுவைத்துப் பார்ப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் சன்ஃப்ளோவின் வளர்ச்சி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், நெடுநாள் வேலைக்கு இதை நம்பச் சொல்ல மாட்டேன்.

எந்தக் கோப்பு வடிவம் நல்லது?

பிராசஸிங்குடன் வரும் டிஎக்ஸ்எஃப் ஏற்றுமதி முக்கோணங்களையும் கோடுகளையும் மட்டுமே எழுதுகிறது. பரப்பின் நிறம் உங்களோடு வராது. ஓபிஜே வடிவத்தைப் பெரும்பாலான முப்பரிமாண மென்பொருள்கள் படிக்கும், கண்ணால் வாசித்துப் பிழை திருத்தவும் முடியும். முனைகளின் வரிசை எண் சுழியத்திலிருந்து அல்லாமல் 1இலிருந்து தொடங்குகிறது என்பதை மறந்தால் வடிவம் சிதறிப்போகும். முனைக்கு முனை நிறம் மாறும் பரப்பாக இருந்தால் பிஎல்ஒய் வசதியானது. பொருளின் தன்மையும் அடுக்கமைப்பும் சேர்ந்து போக வேண்டுமானால் ஜிஎல்டிஎஃப். அசையும் மெஷ்ஷுக்கு (முக்கோணங்களால் பின்னிய பரப்புக்கு) அலெம்பிக்.

இவை எதுவும் இல்லாமல், ஒரு வரிக்கு ஒரு பொருள் என்று எண்களைக் காற்புள்ளியிட்டு எழுதிய சாதாரண சிஎஸ்வி கோப்பே பல வேளைகளில் போதுமானது. பிளெண்டர் பக்கத்தில் பத்துப் பதினைந்து வரி பைத்தான் அதைப் படித்துப் பொருள்களை வைத்துவிடும்.

ஆயத்த நூலகம் இருக்கும்போது நானே ஏன் எழுத வேண்டும்?

உங்கள் ஸ்கெட்ச்சில் இருப்பது ஒரே தொடர்ச்சியான பரப்பு என்றால், நெர்வஸ் சிஸ்டம் என்ற வடிவமைப்பு நிறுவனம் வெளியிட்ட ஓபிஜே ஏற்றுமதி நூலகத்தைச் சேர்த்து, பதிவைத் தொடங்கி முடித்தால் வேலை தீர்ந்தது. நானும் அதைத்தான் செய்வேன். பொருள்களின் கூட்டமாக இருந்தால் நிலைமை வேறு. நம் 4,000 கோளங்களையே பாருங்கள். பிராசஸிங்கில் கோளத்தின் நுணுக்கம் இயல்பாக 30, அதாவது 12 பாகைக்கு ஒரு முனை. அப்படி வரையும் ஒரு கோளத்தில் ஏறக்குறைய 1,700 முக்கோணங்கள் இருக்கும். 4,000 கோளங்களுக்கு எழுபது இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. இவ்வளவு பெரிய கோப்பைச் சுமந்துபோன பிறகும் அருகில் பார்த்தால் கோளத்தின் விளிம்பு பட்டை பட்டையாகத்தான் தெரியும்.

அதையே தரவாக எழுதினால் 4,000 வரிகள். ஒரு கோளம் எக்ஸ் 412.5, ஒய் 180, இசட் −60 என்ற இடத்தில், 7 ஆரத்துடன், சிவப்பு 230, பச்சை 120, நீலம் 40 என்ற நிறத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாவ்-ரே கோப்பில் அது, கோளத்துக்கான சொல், நெளி அடைப்புக்குறி, கோண அடைப்புக்குறிக்குள் 412.5, −180, 60 என்ற மூன்று எண்கள், காற்புள்ளி, 7, பின்னர் நிறம் என்று ஒரே வரியில் அடங்கிவிடும். இரண்டு குறிகள் ஏன் மாறின என்பதைப் பின்னால் சொல்கிறேன். இந்த வரியை எழுதுவதற்கு பிராசஸிங்கின் "கிரியேட்ரைட்டர்" கட்டளை போதும். எழுதி முடித்ததும் கோப்பை மூட மறக்காதீர்கள், மறந்தால் கடைசிச் சில வரிகள் காணாமல் போகும்.

எண்களை எழுதும்போது இரண்டு பொறிகள் உண்டு. சில நாட்டு மொழி அமைப்புள்ள கணினிகளில் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி விழும். எண்ணை வடிவமைக்கும் கட்டளையில் மொழி அமைப்பை நீங்களே குறிப்பிட்டுவிட்டால் தப்பிக்கலாம். மற்றது, எண்ணே அல்லாத மதிப்பு. ஒரு முறை என் கோப்பைப் பாவ்-ரே பாதி வழியில் மறுத்தது. பார்த்தால் 2,917ஆவது வரியில் எண் இருக்க வேண்டிய இடத்தில் "நான்" என்று நிற்கிறது. இது தமிழ் "நான்" அல்ல, எண் அல்லாததற்கு ஜாவா எழுதும் மூன்றெழுத்து. இரண்டு கோளங்கள் ஒரே இடத்தில் வந்து நின்றதால் அவற்றுக்கு இடையிலான தொலைவு சுழியமாகி, சுழியத்தால் வகுத்த கணக்கு அப்படி முடிந்திருந்தது. திரையில் அந்தக் கோளம் வரையப்படவே இல்லை. 4,000இல் ஒன்று குறைந்தால் யார் கவனிப்பார்கள்? பாவ்-ரே மறுத்துச் சொன்னது நல்லதுதான். சில மென்பொருள்கள் சொல்லாமல் உள்ளே வாங்கிக்கொண்டு படத்தைக் கெடுத்துவிடும்.

நகர்த்தல், சுழற்றல் கட்டளைகளுக்கு உள்ளே வரைகிறேன். உண்மையான இடம் எனக்கே தெரியாதே?

நகர்த்தலும் சுழற்றலும் அடுக்கடுக்காக வந்தால், மாறிகளில் இருக்கும் எண் அந்தச் சிறிய உள்ளூர் வெளிக்கு உரியதாக இருக்கும். அதை அப்படியே எழுதினால் எல்லாக் கோளங்களும் தொடக்கப் புள்ளியில் குவிந்துவிடும். பிராசஸிங்கில் இதற்கென்றே "மாடல்எக்ஸ்", "மாடல்ஒய்", "மாடல்இசட்" என்ற மூன்று சார்புகள் இருக்கின்றன. கோளத்தை வரையும் அதே இடத்தில் சுழியம், சுழியம், சுழியம் என்று கொடுத்து அழைத்தால், அதுவரை வந்த எல்லா மாற்றங்களையும் சேர்த்து அது உலகில் எங்கே இருக்கிறது என்பதைத் தரும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நகர்த்தலையும் சுழற்றலையும் எண்களாகத் தொகுத்த மாற்ற அணியை நேரடியாகக் கேட்டு வாங்கினால், கேமராவின் நிலையும் அதற்குள் கலந்தே வரும். கேமரா சுற்றும் ஸ்கெட்ச்சில் உலகமே சட்டகத்துக்குச் சட்டகம் சுழல்வதுபோல ஏற்றுமதியாகும். மேலே சொன்ன மூன்று சார்புகளும் கேமராவைக் கழித்துவிட்டே விடை தருகின்றன. கோளத்துக்கு மையம் போதும். கனசதுரத்துக்குத் திசையும் வேண்டும் என்பதால், மையத்தையும் மூன்று அச்சுகளின் நுனிகளையும் ஆக நான்கு புள்ளிகளைக் கேட்டு எழுதிக்கொண்டால், சுழற்சியும் அளவும் அவற்றிலிருந்தே கிடைத்துவிடும்.

படம் தலைகீழாக வருகிறது. திருப்பினால் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறிவிடுகிறது. ஏன்?

பிராசஸிங்கில் எக்ஸ் வலப்பக்கம், ஒய் கீழ்ப்பக்கம், இசட் பார்ப்பவரை நோக்கி. இது இடக்கை அமைப்பு, அதாவது மூன்று அச்சுகளின் திசைகள் இடக்கை விரல்களோடு பொருந்தும் அமைப்பு. பாவ்-ரேயில் எக்ஸ் வலப்பக்கம், ஒய் மேல்பக்கம், இசட் திரைக்கு உள்ளே. அதுவும் இடக்கை அமைப்பே. ஆகவே ஒய், இசட் இரண்டின் குறியையும் மாற்றினால் போதும். முன்னர் 180 என்பது −180 ஆகவும், −60 என்பது 60 ஆகவும் மாறியது இதனால்தான். ஒன்றை மட்டும் மாற்றினால் படம் நிமிரும், ஆனால் கண்ணாடிப் பிம்பமாகும்.

பிளெண்டர் வலக்கை அமைப்பு. அங்கே இசட் மேல்நோக்கியது, ஒய் பார்ப்பவரை விட்டு விலகிச் செல்வது. எனவே பிளெண்டரின் எக்ஸுக்குப் பிராசஸிங்கின் எக்ஸையும், ஒய்க்கு இசட்டின் எதிர்மறையையும், இசட்டுக்கு ஒய்யின் எதிர்மறையையும் தர வேண்டும். ஜிஎல்டிஎஃப் கோப்பாக எழுதினால் ஒய்யின் குறியை மட்டும் மாற்றுங்கள். அதுவும் வலக்கை அமைப்பே. இடக்கையிலிருந்து வலக்கைக்குப் போகும்போது முக்கோணத்தின் முனைகள் சுற்றும் திசையும் புரண்டுவிடுகிறது. ஒவ்வொரு முக்கோணத்திலும் இரண்டாம், மூன்றாம் முனைகளை இடம் மாற்றி எழுதாவிட்டால் பரப்பின் உள்பக்கம் வெளிப்பக்கமாகி, கண்ணாடி போன்ற பொருள்களில் ஒளி தவறாக வளையும்.

சமச்சீரான ஸ்கெட்ச்சில் இந்தப் பிழை கண்ணில் படவே படாது. அதனால் ஏற்றுமதியைச் சோதிக்கும்போது மட்டும், காட்சியின் ஒரு மூலையில் ஏதாவது ஓர் எழுத்தின் வடிவத்தை வைத்துவிடுவது என் பழக்கம். அது படிக்கும்படி இருந்தால் அச்சுகள் சரி.

கேமராவின் பார்வை ஸ்கெட்ச்சோடு பொருந்தவில்லையே?

பிராசஸிங்கில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் கேமரா சாளரத்தின் நடுவில், பாதி உயரத்தை 30 பாகையின் டேன்ஜென்டால் வகுத்த தொலைவில் நிற்கும். 600 பிக்சல் உயரத்துக்கு அது 519.6. பார்வைக் கோணம் 60 பாகை. பெரும்பாலோர் தவறுவது இந்த 60ஐ அப்படியே எடுத்துப்போவதில்தான். பிராசஸிங்கின் கோணம் செங்குத்தானது. பாவ்-ரே கேட்பது கிடைமட்டக் கோணம். அரைக் கோணத்தின் டேன்ஜென்டை அகல உயர விகிதத்தால் பெருக்கி மீண்டும் கோணமாக்க வேண்டும். 800க்கு 600 சாளரத்தில் அது ஏறத்தாழ 75.2 பாகை.

அப்படியானால் நம் ஸ்கெட்ச்சுக்குப் பாவ்-ரே கேமரா 400, −300, −519.6 என்ற இடத்தில் நின்று, 400, −300, 0 என்ற புள்ளியைப் பார்க்கும். சாளரம் 4க்கு 3 என்ற விகிதத்தில் இல்லாவிட்டால் கேமராவின் வலப்பக்கத் திசையனையும் விகிதத்துக்கேற்ப எழுத வேண்டும், இல்லையேல் கோளங்கள் முட்டையாகும். பிளெண்டரில் இந்தக் கணக்கே வேண்டாம்: கேமராவின் சென்சார் பொருத்தத்தைச் செங்குத்து என்று மாற்றிவிட்டு 60 என்றே கொடுக்கலாம். பி5.ஜேஎஸ்ஸில் இயல்பான கேமரா 800 தொலைவில் நிற்கிறது, தொடக்கப் புள்ளியும் சாளரத்தின் நடுவில் இருக்கிறது. பிராசஸிங்குக்கு எழுதிய எண்களை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

கோடுகளும் புள்ளிகளும் எங்கே போயின?

கோட்டுக்குத் தடிமன் இல்லை. தடிமன் இல்லாத பொருளில் கதிர் மோதாது. ஸ்கெட்ச்சில் கோட்டின் தடிமன் பிக்சலில் அளக்கப்படுவது, தொலைவு கூடினாலும் குறையாதபடி வரையப்படக்கூடியது. ரெண்டரருக்கு அதை உருளையாகவோ குழாயாகவோ மாற்றித்தான் தர வேண்டும். பாவ்-ரேயில் புள்ளிகளின் வழியாகக் கோளத்தை இழுத்துச் செல்லும் வடிவம் ஒன்று உண்டு. நெளியும் கோடுகளுக்கு அது அழகாக அமையும், ஆனால் கணக்கிட நேரம் எடுக்கும். பிளெண்டரில் வளைகோடாக வைத்து அதன் பெவல் அளவை ஏற்றினால் குழாயாகிவிடும். புள்ளிகளைச் சிறு கோளங்களாக்குங்கள்.

நிறங்கள் வெளுத்துப்போகின்றன. நான் கொடுத்த நிறம்தானே அது?

எண் அதுதான், பொருள் வேறு. ஸ்கெட்ச்சில் நீங்கள் தரும் 0 முதல் 255 வரையான எண் திரைக்கு ஏற்ப வளைக்கப்பட்ட எஸ்ஆர்ஜிபி அளவு. ரெண்டரர் கணக்கிடுவதோ நேர்விகித அளவில். நடுச் சாம்பல் என்று நாம் நினைக்கும் 128ஐ 255ஆல் வகுத்தால் 0.5 வருகிறது, உண்மையில் அது எதிரொளிக்கும் ஒளி 0.22 மட்டுமே. 0.5 என்றே கொடுத்துவிட்டால் இருமடங்குக்கு மேல் வெளிச்சமான சாம்பலாகும். நம் கோளத்தின் 230, 120, 40 என்பது நேர்விகிதத்தில் 0.79, 0.19, 0.02. வகுத்து மட்டும் கொடுத்தால் 0.90, 0.47, 0.16 என்று போய், அடர்ந்த ஆரஞ்சு நிறம் வெளிறிய பழுப்பாக நிற்கும். பாவ்-ரே 3.7இல் எஸ்ஆர்ஜிபி என்ற சொல்லை நிறத்துக்கு முன் எழுதினால் அதுவே மாற்றிக்கொள்ளும். பைத்தான் வழியாகப் பிளெண்டருக்கு எண்ணாகத் தரும்போது நீங்களே மாற்ற வேண்டும்.

இன்னொன்று, 255 என்ற முழு வெள்ளையை அப்படியே தராதீர்கள். விழுந்த ஒளி முழுவதையும் திருப்பியனுப்பும் பரப்பு உலகில் இல்லை. இடுக்குகளில் ஒளி அலைந்துகொண்டே இருந்து படம் பால்போல ஆகிவிடும். நேர்விகித அளவில் 0.8க்கு மேல் போகாமல் வைத்துக்கொண்டால் நிழல்கள் உயிர்பெறும்.

ஒளிபுகும் நிறங்களையும், நிறம் கூட்டும் கலவை முறையையும் நம்பியே என் ஸ்கெட்ச் நிற்கிறது. அதை என்ன செய்வது?

இதற்கு நேரான மாற்று கிடையாது என்று ஒப்புக்கொள்வதே முதல் படி. ஆல்பா அளவை (நிறம் எவ்வளவு மறைக்கும் என்ற எண்ணை) 20 என வைத்து நூறு முறை பூசும் வேலை, காலத்தின் மீது செய்யும் வேலை. வெளியில் அங்கே ஒரு பொருள் இல்லை. சைக்கிள்ஸில் ஒளிபுகும் பரப்புகளை ஒரு கதிர் எத்தனை முறை கடக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு, இயல்பாக 8. நாற்பது அடுக்கு வைத்தால் வரம்பைத் தாண்டிய இடமெல்லாம் கறுத்துவிடும். வரம்பை உயர்த்தலாம், நேரமும் உயரும்.

நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: இந்த ஒளிபுகும் தன்மை எதைக் குறிக்க வந்தது? புகையைக் குறித்தால் கனஅளவுப் பொருளாகவும், ஒளிர்வதைக் குறித்தால் தானே ஒளிவிடும் பொருளாகவும், தடத்தைக் குறித்தால் துகள் சென்ற பாதை முழுவதையும் ஒரு மெல்லிய குழாயாகவும் மாற்றுவேன். மூன்றும் அசலைப்போல இருக்காது. சில நேரங்களில் அசலைவிட நன்றாக இருக்கும்.

படம் முழுவதும் கறுப்பாகவே வருகிறது.

பெரும்பாலும் அளவின் சிக்கல். பிராசஸிங்கின் அலகு பிக்சல். பிளெண்டர் அதை மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறது. 800 பிக்சல் காட்சி 800 மீட்டர் மைதானமாகிறது. பிளெண்டரில் புள்ளி விளக்கின் ஒளி தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், 100 மடங்கு பெரிய காட்சிக்கு 10,000 மடங்கு வலிமையான விளக்கு வேண்டும். கேமராவின் தொலைவெல்லைக்கு அப்பால் போய்ப் பொருள்கள் வெட்டுப்படவும் கூடும். எழுதும்போதே எல்லா நீளங்களையும் 0.01ஆல் பெருக்கிவிடுங்கள், ஆரங்களையும் கேமராவின் இடத்தையும் சேர்த்துத்தான். பாவ்-ரேயில் நீங்களாகக் கேட்காதவரை விளக்கின் ஒளி தொலைவால் குறையாது என்பதால், ஸ்கெட்ச்சின் எண்களே அங்கே ஓடிவிடுகின்றன.

விளக்குகளை ஏற்றுமதி செய்யவே வேண்டாம் என்பது என் யோசனை. ஸ்கெட்ச்சின் விளக்குக்கு உருவளவு இல்லை. அதன் நிழல் கத்தியால் வெட்டியதுபோல இருக்கும். பெரிய பரப்பு விளக்கு ஒன்றையோ, சுற்றுப்புறத்தை மூடிய வானொளியையோ புதிதாக வைத்துத் தொடங்குவதே நல்லது.

என் வடிவமெல்லாம் ஷேடரில்தான் உருவாகிறது.

ஷேடர் என்பது கிராஃபிக்ஸ் அட்டையில் ஓடும் சிறு நிரல். முனைகளைக் கையாளும் வெர்டெக்ஸ் ஷேடர் நகர்த்திய முனைகள் கிராஃபிக்ஸ் அட்டையைவிட்டுத் திரும்பி வருவதில்லை; ஏற்றுமதி நூலகம் பிடிப்பது நகராத பழைய வடிவத்தைத்தான். அதே சூத்திரத்தை ஸ்கெட்ச்சின் மொழியில் மீண்டும் எழுதி முனைகளை அங்கேயே நகர்த்த வேண்டும். பிக்சல்களுக்கு நிறம் தரும் ஃபிராக்மென்ட் ஷேடர் தீட்டும் கோலத்தைப் படமாகச் சேமித்து, பரப்பின் நிறமாகவோ உயர வரைபடமாகவோ ஒட்டலாம். ஒட்டும்போது படம் மேல்கீழாகப் புரண்டால், செங்குத்து ஆயத்தை ஒன்றிலிருந்து கழித்துவிடுங்கள். ஒரு புள்ளியிலிருந்து பரப்பு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று சொல்லும் தொலைவுச் சார்பால் வரையும் வடிவங்களுக்கு இரண்டு வழி: 1987இல் லோரன்சனும் கிளைனும் வெளியிட்ட மார்ச்சிங் கியூப்ஸ் முறையில் மெஷ் ஆக்குவது, அல்லது சார்பையே நேரடியாக ஏற்கும் பாவ்-ரேயின் சமமதிப்புப் பரப்பில் எழுதிவிடுவது.

அசைவுப் படத்துக்கு என்ன செய்வது?

சட்டகத்துக்கு ஒரு கோப்பு என்று எழுதுவது முரட்டு வழி. ஆனால் உடையாத வழி. பாவ்-ரேயில் ஒரு முதன்மைக் கோப்பு, சட்டக எண்ணை வைத்து அந்தந்தக் கோப்பை உள்ளே அழைத்துக்கொள்ளும். பிளெண்டரில் சட்டகம் மாறும்போதெல்லாம் இயங்கும் ஒரு பைத்தான் சார்பு அதையே செய்யும். முனைகளின் எண்ணிக்கை சட்டகத்துக்குச் சட்டகம் மாறினால் சைக்கிள்ஸால் அந்த மெஷ்ஷுக்கு அசைவு மங்கலைத் தானாகக் கணக்கிட முடியாது. துகள்கள் பிறந்து மறையும் ஸ்கெட்ச்சில், மறைந்தவற்றை நீக்காமல் ஆரத்தைச் சுழியமாக்கி வைத்திருப்பது ஒரு தந்திரம்.

ஸ்கெட்ச்சில் நேரத்தைக் கடிகாரத்திலிருந்து வாங்காதீர்கள். கோப்பு எழுதும்போது ஓட்டம் மெதுவாகும், கடிகாரமோ காத்திருக்காது, அசைவு தாவித் தாவிப் போகும். சட்டக எண்ணை வைத்தே கணக்கிடுங்கள். தற்செயல் எண்களுக்கும் நாய்ஸ் சார்புக்கும் அவை தொடங்கும் விதை எண்ணை நிலையாக வைத்து, அதைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்; பிடித்த ஓர் அமைப்பைத் தொலைத்துவிட்டுத் தேடிய அனுபவம் எனக்குண்டு, அது திரும்பக் கிடைக்கவில்லை. தொடங்குவதற்கு முன் பெருக்கிப் பார்ப்பதும் நல்லது: வினாடிக்கு 30 சட்டகம், 10 வினாடி, சட்டகத்துக்கு 2 நிமிடம் என்றால் 10 மணி நேரம்.

படம் மணல் தூவியதுபோல இருக்கிறது. மாதிரிகளைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதுதானா?

பாத் டிரேசிங்கில் மணல் பாதியாகக் குறைய வேண்டுமானால் மாதிரிகள், அதாவது ஒரு பிக்சலுக்கு எய்யும் கதிர்கள், நான்கு மடங்காக வேண்டும். ஆகவே கூட்டிக்கொண்டே போவது விரைவில் கட்டுப்படியாகாது. சிறு விளக்குகளைப் பெரிதாக்குவது அதைவிட அதிகம் உதவும். அங்கங்கே மின்னும் தனிப் புள்ளிகளுக்கு மறைமுக ஒளியின் உச்சவரம்பைக் குறையுங்கள். இந்த மணலை நீக்கும் இன்டெலின் ஓபன் இமேஜ் டினாய்ஸ் பிளெண்டரில் 2019இல் வந்த 2.81 பதிப்பிலிருந்து இருக்கிறது. நிலைப்படத்துக்கு வியக்கத்தக்க விதத்தில் வேலை செய்கிறது. அசைவில் மட்டும் மாதிரி குறைவாக இருந்தால், சுத்தம் செய்த பரப்புகள் நீரடியில் இருப்பதுபோல நெளியும்.

பி5.ஜேஎஸ்ஸில் இதெல்லாம் முடியுமா?

முடியும். பல வடிவங்களை "பில்ட்ஜியாமெட்ரி" கட்டளையால் ஒன்றாகக் கட்டி, அந்த வடிவத்தை ஓபிஜே கோப்பாகச் சேமிக்கலாம். உலாவி ஒவ்வொரு கோப்பையும் தனித்தனிப் பதிவிறக்கமாகத் தருவதால், 300 சட்டகங்களை அப்படி இறக்குவது தொல்லை. எல்லாச் சட்டகங்களின் எண்களையும் நினைவகத்தில் சேர்த்துவைத்து, கடைசியில் ஒரே ஜேசன் கோப்பாக இறக்கிக்கொண்டு, பைத்தான் பக்கத்தில் பிரித்துக்கொள்ளுங்கள்.